யாழ்ப்பாணத்துக் கார்க் கண்ணாடிக்கு எந்தத் தண்ணீர்?

காருக்கு எந்த ஒயில் நல்லது, எந்த ரயர் உழைக்கும் என்று கேட்டால் யாழ்ப்பாணத்தில் சந்திக்குச் சந்தி ஒரு நிபுணர் நிற்பார். ஆளுக்கொரு கருத்து, ஆளுக்கொரு சண்டை. ஆனால் முன்கண்ணாடிக்குப் பீய்ச்சி அடிக்கிறதே, அந்தச் சின்னத் தாங்கிக்குள் என்ன விடுவது என்று கேட்டுப் பாருங்கள். எல்லாரும் ஒற்றுமையாகிவிடுவார்கள். "கிணத்துத் தண்ணி காணும் ரீச்சர், இதுக்கும் காசு குடுக்கப் போறியளோ?"

காணாது. எங்கள் ஊரைப் பொறுத்தவரை கிணற்றுத் தண்ணீர்தான் இருப்பதிலேயே மோசமானது. கடையில் விற்கிற வொஷர் திரவத்தை, அதாவது கண்ணாடி கழுவும் திரவத்தை, வாங்குவதா வேண்டாமா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.

நான் திருநெல்வேலியில் இருந்து தீவுப் பக்கப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போய்வருகிற விஞ்ஞான ரீச்சர். கார் ஒரு வாகன் ஆர். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 வரை கதவைத் திறக்காத நாட்டில், கையில் இருக்கிற காரைக் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அதில் முன்கண்ணாடியைப் பற்றி நினைக்க எனக்கு நிறையச் சந்தர்ப்பம் கிடைத்தது. காரணம் நான் போகிற பாதை. பண்ணை என்ற இடத்தைத் தாண்டியவுடன் ரோட்டின் இரண்டு பக்கமும் கடல். வைகாசி தொடக்கம் சோளகம் பிடித்தால் கடலில் இருந்து வருகிற ஈரக்காற்று கண்ணாடியில் உப்பைப் பூசிவிட்டுத்தான் போகும். வேலணை தாண்டினால் புழுதி. வீட்டுக்கு வந்தால் வேப்பமரத்தடியில் காகத்தின் கைங்கரியம்.

சரி, கிணற்றுக்கு வருகிறேன். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. எங்களுக்கு இருப்பதெல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்கிற மழைநீர்தான். மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும்போது மெல்லிய அமிலமாகிவிடும். அந்த அமிலம் கல்லைக் கரைக்கும். கரைந்த கல் கல்சியம் இருகாபனேற்றாகத் தண்ணீரோடு சேர்ந்து வாளியில் ஏறி வரும். கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். வெயிலில் நின்ற காரின் கண்ணாடி என்பது கிட்டத்தட்ட அடுப்பில் வைத்த கேத்தில்தான். தண்ணீர் ஆவியாகும், காபனீரொட்சைட்டு பறந்துவிடும், கல் திரும்பவும் கல்லாகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்.

வன்னீர், மென்னீர் படிப்பிக்கிற நாட்களில் நான் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிற ஒரு சின்னப் பரிசோதனை இருக்கிறது. நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்கிற கண்ணாடி வழுக்கிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தண்ணீரில் ஒரு துளி விடுவோம். எங்கள் வீட்டுக் கிணறு, பள்ளிக்கூடக் கிணறு, காசு கொடுத்து வாங்குகிற ஆர்.ஓ. தண்ணீர், பிடித்து வைத்த மழைத்தண்ணீர். பிறகு யன்னல் கட்டில் வெயிலுக்கு வைத்துவிட்டு மற்றப் பாடத்தைப் பார்ப்போம். பாடம் முடிவதற்குள் எல்லாம் காய்ந்திருக்கும்.

திருநெல்வேலிக் கிணற்றுத் துளி காய்ந்த இடத்தில் ஒரு வெள்ளை வளையம் இருக்கும். நடுவில் மெல்லிசு, ஓரத்தில் தடிப்பு. துளியின் விளிம்பில்தான் தண்ணீர் கெதியாக ஆவியாகும், உள்ளே உள்ளதெல்லாம் அந்தப் பக்கம் இழுபட்டு வந்து சேரும். அந்த வளையத்தை ஈரத்துணியால் துடைத்தால் போகாது. நகத்தால் சுரண்டினால் கொஞ்சம் வரும். ஒரு சொட்டுத் தேசிக்காய்ப் புளி விட்டால் உடனே சின்னக் குமிழிகள் கிளம்பி நுரைக்கும். பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்க்கிற இடம் அது. தீவுக் கிணற்றுத் துளி வேறு மாதிரி, அதில் உப்பும் சேர்ந்து ஒரு பொருக்குப் போலக் கிடக்கும், பாதி துடைபடும், பாதி நிற்கும். ஆர்.ஓ. துளி வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்த்தால் மட்டும் தெரியும். மழைத் துளி விழுந்த இடத்தைக் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

இதைக் கண்ட பிறகும் ஒருவர் வொஷர் தாங்கிக்குள் கிணற்று வாளியைக் கவிழ்த்தால் அது அவரவர் விருப்பம். கண்ணாடியோடு போகிற பிரச்சினையும் இல்லை. பீய்ச்சுகிற துளை ஊசிக் கண்ணளவுதான் இருக்கும். அதற்குள் சுண்ணாம்பு படிந்தால் ஒரு பக்கம் தண்ணீர் கூரைக்குப் போகும், மறு பக்கம் பொனற்றில் வடியும். வைப்பரின் இறப்பர் ஓரத்திலும் அந்தப் பொடி சேர்ந்து, துடைக்கத் துடைக்கக் கீறும்.

அப்போ கடையில் விற்கிற நீலப் போத்தலை வாங்கினால் சரியா? எந்தப் போத்தல் என்பதைப் பொறுத்தது. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நீலம், பச்சை, ரோசா எல்லாம் சாயம்தான், அதற்கென்று பொது ஒழுங்கு எதுவும் இல்லை. லேபலில் குளிர்நாட்டு வகையா என்று பாருங்கள். −20, −40 என்று பெரிதாகப் போட்டிருந்தால் அது பனிநாட்டுக்காரருக்குச் செய்த சாமான்.

நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து வந்த சின்ன மாமா என் காரின் பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, நீலத் தண்ணி விடுறேல்லையோ?" என்று கேட்டார். அவர் இருக்கிற ஸ்காபரோவில் 3.78 லீற்றர்க் கானில் விற்கும். அது இல்லாமல் அங்கு மாரியில் கார் எடுக்க ஏலாது, பீய்ச்சின தண்ணீர் கண்ணாடியிலேயே உறைந்துவிடும். உறையாமல் இருக்க அதில் கலப்பது பெரும்பாலும் மெதனோல். அங்கு அது தேவை. இங்கு மார்கழி, தையில் விடியப்புறம் 20 பாகையை ஒட்டி இறங்கினாலே நாங்கள் சால்வை தேடுகிற ஆட்கள். மெதனோல் எங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லாமல் வெயிலில் ஆவியாகிப் போகும், அந்த ஆவி காரின் காற்றுவழியால் உள்ளே வரும். கொஞ்சம் குடித்தாலே கண் பார்வையைப் பறிக்கக்கூடிய நஞ்சு அது, உயிரும் போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.6 வீதமோ அதற்கு மேலோ மெதனோல் உள்ள கண்ணாடி கழுவும் திரவத்தைப் பொதுமக்களுக்கு விற்கவே தடை. சின்ன மாமாவுக்கு இதைச் சொன்னேன். "அங்க நாங்கள் கான் கானா வாங்கி வச்சிருக்கிறம்" என்றார், பெருமையோடு.

நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் கேட்பார்கள். தை, மாசியில் அங்கு சில விடியல்களில் உறைபனி விழும்தான். ஒரு கிழமைச் சுற்றுலாவுக்காகத் தாங்கியை மாற்றத் தேவையில்லை, காலமை வெயில் ஏறும்வரை ஒரு பிளேன் ரீ குடித்துவிட்டு வெளிக்கிடுங்கள்.

எங்களுக்குப் பொருத்தமானது சாதாரண வகை, அதாவது பூச்சியையும் எண்ணெய்ப் படலத்தையும் கழற்றுவதற்கென்று செய்தது. அதில் உள்ள முக்கியமான பொருள் தண்ணீரின் பரப்பிழுவிசையைக் குறைக்கிற அழுக்ககற்றி. தண்ணீர் உருண்டு நிற்காமல் பரந்து, அழுக்குக்குக் கீழே புகுந்து கிளப்பும். இதிலும் அப்படியே ஊற்றுகிற வகை உண்டு, தண்ணீர் கலக்கிற செறிந்த வகை உண்டு, கரைத்து விடுகிற குளிசையும் உண்டு. செறிந்த வகையும் குளிசையும் மலிவு, ஆனால் மலிவுக்கு வாங்கிக்கொண்டு போய் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்தால் வளையம் போடுகிற பழைய கதைதான்.

மழைத்துளி உருண்டு ஓடுமாறு கண்ணாடியில் ஒரு படலம் விடுகிற வகையும் வருகிறது, யப்பான் கார்க்காரர்களுக்கு அதில் ஒரு மோகம். நெடுந்தூரம் வேகமாக ஓடுபவருக்கு அது நல்லது. டவுனுக்குள் மாடும் சைக்கிளும் பார்த்து ஊர்ந்து போகிற எனக்கு அந்தத் துளிகள் உருளாமல் கண்ணாடியிலேயே மினுங்கிக்கொண்டு நிற்கும். அதோடு தாங்கிக்குள் வேறு வகை மிச்சம் இருக்க இதை விட்டால் சிலவேளை கட்டிபட்டுக் குழாயை அடைக்கும். மாற்றுவதென்றால் பழையதை முழுக்கப் பீய்ச்சி வெறுமையாக்கி, நல்ல தண்ணீரால் ஒருமுறை அலசிவிட்டு விடுங்கள். வெறுமையான பிறகும் சுவிற்சை அழுத்திக்கொண்டு இருக்காதீர்கள். அந்தச் சின்ன மோட்டர் உலர்ந்து சுற்றினால் கெதியில் போய்விடும்.

வீட்டில் இருக்கிற பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டால் என்ன என்பது அடுத்த கேள்வி. அழுக்கு போகும், பொய் இல்லை. ஆனால் அந்தத் திரவம் கோப்பையைக் கழுவி, பிறகு நிறையத் தண்ணீரில் அலசுவதற்காகச் செய்தது. கார்க் கண்ணாடியை யார் அலசுகிறார்கள்? நுரை, வாசனை, தடிப்பாக்கச் சேர்த்த உப்பு எல்லாம் கண்ணாடியில் ஒரு படலமாகக் காயும். பகலில் தெரியாது. இரவு எதிரே ஒரு பஸ் முழு வெளிச்சத்தோடு வரும்போது கண்ணாடி முழுக்க வெள்ளைத் திரையாக விரியும். உடுப்புச் சவர்க்காரம் இன்னும் மோசம், எங்கள் தண்ணீரில் உள்ள கல்சியத்தோடு சேர்ந்து அது நுரைக்கவே மாட்டாது, பிசுபிசுவென்று திரளும்.

வீட்டு யன்னல் துடைக்கிற ஸ்பிறேயைத் தாங்கிக்குள் விடுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். அவற்றில் பலதில் அமோனியா இருக்கும், கறுப்புப் படலம் ஒட்டிய கண்ணாடிகளுக்கு அது கூடாது. பக்கத்து வீட்டு அண்ணா ஒருபடி மேலே போய், எஞ்சினைக் குளிர்விக்க விடுகிற பச்சைக் கூலன்ற்றில் மிச்சம் கிடந்ததை வீணாக்காமல் இதற்குள் விட்டுவிட்டார். அதில் உள்ள எதிலீன் கிளைக்கோல் இலேசில் காய்கிற சாமான் இல்லை. வைப்பர் போட்டவுடன் நல்லெண்ணெய் பூசின மாதிரிக் கண்ணாடி வழுவழுத்துப் போய், மனுசன் சைட் கண்ணாடியைத் திறந்து தலையை வெளியே நீட்டி ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அதுவும் நஞ்சு, இனிப்பான நஞ்சு. நாய் பூனை நக்கினால் தப்பாது. இரண்டு தாங்கியும் பொனற்றுக்குள் கிட்டக்கிட்ட இருப்பதால் மூடியில் உள்ள படத்தைப் பாருங்கள். கண்ணாடியும் அதில் தெறிக்கிற தண்ணீரும் வரைந்திருப்பதுதான் வொஷர். மற்றதைச் சூடாக இருக்கும்போது திறக்கவே வேண்டாம்.

இனி அழுக்கு. எல்லா அழுக்குக்கும் ஒரே மருந்து இல்லை.

கடல் உப்புக்குத் தேவையானது தண்ணீர், நிறையத் தண்ணீர். உப்பு தண்ணீரில் கரையும், அவ்வளவுதான். கடலுப்பில் சோடியம் குளோரைட்டு மட்டுமில்லை, மக்னீசியம் குளோரைட்டும் இருக்கிறது. அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். அதனால்தான் பகலில் காய்ந்து கிடந்த கண்ணாடி பொழுதுபட்டவுடன் பிசுபிசுக்கிறது. அந்த நேரம் ஒரு சொட்டுப் பீய்ச்சி வைப்பரைப் போட்டால் சேறு பூசின மாதிரித்தான் வரும். நான் வீட்டுக்கு வந்தவுடன் ஒரு செம்புத் தண்ணீரைக் கண்ணாடியின் மேலிருந்து ஊற்றி, ஈரம் காயமுன் துணியால் துடைத்துவிடுவேன். (ஓம், அது கிணற்றுத் தண்ணீர்தான். உடனே துடைத்தால் வளையம் விழாது.)

புழுதிக்கும் அதே மாதிரி. கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் செம்மண்ணில் ஓடினவருக்குத் தெரியும். காய்ந்த புழுதியில் வைப்பரைப் போடுவது கண்ணாடிக்கு மண்தாள் பிடிப்பது. முதலில் பீய்ச்சுங்கள், ஊறட்டும், பிறகு வைப்பர்.

பூச்சிதான் பெரிய தலையிடி. கொழும்புக்கு இரவில் ஏ-9 வழியாகப் போனால் முறிகண்டி வருவதற்குள் கண்ணாடி ஒரு பூச்சிப் பண்ணை. முதல் மழை பெய்த ஐப்பசி இரவென்றால் ஈசல் வேறு. பூச்சியின் உடம்பில் உள்ளது புரதம், அது காய்ந்தால் பசையாகிவிடும். எத்தனை தரம் பீய்ச்சினாலும் வைப்பர் அதை இழுத்துக் கோடு போடுமே தவிரக் கழற்றாது. இதற்கு மருந்து ஊறவிடுவது. முறிகண்டியில் எல்லாரும் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்க இறங்குவார்கள் தானே. அந்த நேரத்தில் ஒரு பழைய உதயன் பேப்பரை விரித்துக் கண்ணாடியில் ஒட்டி, வொஷர் கலந்த தண்ணீரால் நனைத்துவிடுங்கள். கச்சான் வறுத்து வாங்கி, ரீயும் குடித்துவிட்டு வந்து பேப்பரை உரித்தால் பூச்சியும் சேர்ந்து வரும்.

எண்ணெய்ப் படலம் மற்றது. டீசல் புகை, ரோட்டில் சிந்தின ஒயில். முதல் மழையில் ரோட்டில் உள்ளதெல்லாம் கிளம்பி முன்னுக்குப் போகிற லொறியின் ரயரால் உங்கள் கண்ணாடிக்கு வரும். இதைத் தனித் தண்ணீர் தொடவே மாட்டாது. இங்குதான் போத்தலில் உள்ள அழுக்ககற்றிக்கு வேலை.

அப்பாவின் காலத்தில் இதொன்றும் கிடையாது. தொண்ணூறுகளில் பெற்றோல் தடை. மொரிஸ் மைனரை ஒரு சொட்டுப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டின ஆட்கள் அவர்கள். வொஷர் என்பது சீற்றுக்குக் கீழே உருளுகிற ஒரு போத்தல் தண்ணீரும் பஞ்சும். மழை பெய்தால் புகையிலைத் துண்டால் கண்ணாடியைத் தேய்ப்பார்களாம், தண்ணீர் துளியாக நிற்காமல் பரந்து வழியுமாம். வேலை செய்தது என்று அப்பா இன்றைக்கும் சத்தியம் பண்ணுவார். யாழ்ப்பாணத்தில் புகையிலைக்குப் பஞ்சமா, ஒருநாள் செய்து பார்க்க வேண்டும்.

வெறும் தண்ணீரை, அது மழைத்தண்ணீராகவே இருந்தாலும், மாதக்கணக்கில் தாங்கியில் விட்டு வைப்பதற்கு நான் எதிர்ப்பு. எஞ்சினுக்குப் பக்கத்தில் இளஞ்சூட்டில் தேங்கி நிற்கிற தண்ணீர் கிருமிக்குச் சொர்க்கம். 2010இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வு, வொஷர் திரவம் கலக்காத வெறும் தண்ணீரைக் கண்ணாடிக்குப் பீய்ச்சுவதை லீஜனெயர்ஸ் என்ற நியூமோனியாக் காய்ச்சலுக்கான ஓர் ஆபத்துக் காரணியாகக் காட்டியது. பீய்ச்சும்போது வருகிற மெல்லிய தூவலைத்தான் நாங்கள் சுவாசிக்கிறோம். அதற்காகப் பயந்து நடுங்கத் தேவையில்லை, ஆனால் பீய்ச்சும்போது காருக்குள் ஊத்தை மணம் வந்தால் தாங்கியைக் கழுவுகிற நேரம் வந்துவிட்டது.

நான் விடுவது இதுதான். கார்த்திகை மழையில் கூரை வடிவாகக் கழுவுப்பட்ட பிறகு பிடித்த தண்ணீர், பருத்தித் துணியில் வடித்து மூடின கானில். மூடி முக்கியம், இல்லாவிட்டால் நுளம்பு முட்டையிடும், டெங்குக்குச் சோதிக்க வருகிற பி.எச்.ஐ. உங்களுக்குப் பாடம் எடுப்பார். அது முடிந்தால் ஆர்.ஓ. தண்ணீர். அதில் குளிர்நாட்டு வகையில்லாத செறிந்த வொஷரை லேபலில் சொன்ன அளவுக்குக் கலப்பேன், கூட விட்டால் கூடத் துப்பரவாகும் என்று நினைக்க வேண்டாம், படலம்தான் மிஞ்சும். செறிந்தது கிடைக்காத காலத்தில் ஒரு லீற்றர் ஆர்.ஓ. தண்ணீருக்குள் பாமசியில் வாங்கிய சேர்ஜிக்கல் ஸ்பிரிட் ஒரு சின்ன மூடியளவும், குழந்தை ஷம்பூ இரண்டொரு சொட்டும். ஸ்பிரிட் நெருப்புப் பிடிக்கிற சாமான், குசினியில் வைத்துக் கலக்க வேண்டாம்.

துளை அடைபட்டிருந்தால் தையல் ஊசியால் குத்திக் கல்லை உள்ளே தள்ளாதீர்கள். வினாகிரியில் தண்ணீர் கலந்து துணியில் நனைத்துத் துளையின் மேல் கொஞ்ச நேரம் வையுங்கள், கல்சியம் காபனேற்று கரைந்துவிடும், பிறகு நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பெயின்ரில் வடிய விட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. கலந்ததை எந்தக் காரணத்துக்காகவும் வெறும் சோடாப் போத்தலுக்குள் ஊற்றி வைக்காதீர்கள். நீல நிறம், குளிர்பானப் போத்தல், வெயிலில் விளையாடிவிட்டு வருகிற பிள்ளை. சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டில் அது வாங்கின கானிலேயே, கராஜின் மேல் தட்டில் இருக்கிறது. மகன் ஒரு மண்டையோட்டுப் படம் கீறி ஒட்டியிருக்கிறான். பல்லு கொஞ்சம் கூடிப்போச்சு, பார்த்தால் சிரிக்கிற மாதிரி இருக்கிறது. வேறொன்று கீறச் சொல்லியிருக்கிறேன்.